செலினைத் தேடி நடந்த மில்

எங்கள் ஊர் மில் எழுந்து நடக்கத் தொடங்கியது என் மகள் செலினுக்கு ஞானஸ்நானம் கொடுத்த மூன்றாம் நாள், காலை எட்டு மணிக்கு. எட்டு மணி என்று நிச்சயமாகச் சொல்ல முடிவதற்குக் காரணம், பத்தொன்பது வருஷமாக ஊதாத மில் சங்கு அன்றைக்கு ஊதியது. ஊதியதும் உப்போடை என்கிற எங்கள் ஊரில் இருந்த ஆம்பளைகளெல்லாம், பல் விளக்கிக்கொண்டிருந்தவர்களும் பாதி இட்லியில் இருந்தவர்களும், ஒன்றும் யோசிக்காமல் எழுந்து சட்டையை மாட்டிக்கொண்டு தெருவுக்கு வந்து, வந்த பிறகுதான் எங்கே போவதென்று தெரியாமல் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டு நின்றார்கள்.

மரகதவல்லி மில் கட்டின கதையை இந்த ஊரில் பாலர் பள்ளிப் பிள்ளைகளும் சொல்லும். பருத்தி வாங்க வந்த ஒரு முதலாளியின் கார் ஐப்பசி மழையில் கரிசல் மண்ணுக்குள் புதைந்து, பதினோரு பேர் நான்கு நாள் தள்ளியும் அசையாமல் போக, சும்மா இருக்கப் பிடிக்காத அந்த மனுஷன் காரைச் சுற்றிச் சுவர் எழுப்பி, சுவருக்குக் கூரை போட்டு, கூரைக்குக் கீழே நூல் நூற்கிற கதிர்களை ஓட விட்டார் என்றும், கார் இன்றைக்கும் பாய்லருக்கு அடியில்தான் கிடக்கிறது என்றும் சொல்வார்கள். கார் தள்ளின பதினோரு பேரின் பெயரை நன்றிக்காக ஒரு நோட்டில் எழுதிக்கொண்டாராம். அதுவே மில்லின் முதல் பெயர்ப்பட்டியல். "அடுத்து உங்க வீட்டுல பிள்ளை பிறந்தா அந்தப் பேரையும் வந்து சொல்லுங்கய்யா" என்று அவர் ஒரு மரியாதைக்குச் சொல்லிவைக்க, இவர்கள் அதை வேதவாக்காக எடுத்துக்கொண்டார்கள். அன்று முதல் உப்போடையில் ஒரு பிள்ளை பிறந்தால், கோயிலிலோ மாதா கோயிலிலோ பெயர் வைத்த கையோடு, அதே பெயரை ஒரு துண்டுச் சீட்டில் எழுதி, மில் வாசலில் வருகை பதிகிற டைம் ஆபீஸ் ஜன்னல் வழியாக உள்ளே போட்டுவிட்டு வருவது வழக்கமானது. உள்ளே ஒரு பித்தளை டோக்கனில் நம்பர் அடித்து ஆணியில் மாட்டுவார்கள். பிள்ளை பதினெட்டு வயதில் போய் அதை எடுத்துக்கொண்டு வேலைக்குள் நுழையும். பெண் பார்க்கப் போகிறவர்கள் ஜாதகத்துக்கு முன்னால் டோக்கன் நம்பரைக் கேட்ட காலம் இருந்தது. மில்லுக்குப் பெயர் கொடுக்காத பிள்ளை இந்த ஊரில் எத்தனை வயதானாலும் விருந்தாளிதான்.

பிறகு ஒரு சனிக்கிழமை இரண்டாம் ஷிப்டில் கதவடைப்பு நோட்டீஸ் ஒட்டினார்கள். இயந்திரங்கள் பழைய இரும்பாக லாரி ஏறின, கூரைத் தகடுகள் ஏறின, ஜன்னல்கள் ஏறின. சுவர்களும் புகைபோக்கியும் கேட்டும் கண்ணாடி உடைந்த டைம் ஆபீசும் மட்டும் ஊருக்கு வெளியே, ரயில் பாதைக்கு அந்தப் பக்கம் நின்றன. அறுநூற்றுப் பன்னிரண்டு பேர் வீட்டுக்கு வந்து, வந்த இடத்திலேயே காத்திருக்கத் தொடங்கினார்கள். அதற்குப் பிறகு பிறந்த பிள்ளைகளுக்கு யாரும் பெயர்ச் சீட்டுப் போடவில்லை.

நான் பாளையங்கோட்டைக்காரி. கான்வென்டில் படித்தவள். இந்த வழக்கமெல்லாம் எனக்குக் கல்யாணத்துக்குப் பிறகு தெரிந்ததுதான். என் வீட்டுக்காரர் சகாயராஜ் மஸ்கட்டிலிருந்து லீவில் வந்த பிறகே ஞானஸ்நானம் என்று தள்ளித் தள்ளி, செலினுக்கு எட்டு மாதம் ஆகிவிட்டது. அன்றைக்கு மாதா கோயிலிலிருந்து திரும்பும்போது என் மாமனார், ஊரில் எல்லோரும் மிக்கேல் மேஸ்திரி என்று சொல்கிறவர், ஆட்டோவை மில் பக்கம் திருப்பச் சொன்னார். வெள்ளைக் கவுனோடு பிள்ளையைத் தோளில் போட்டுக்கொண்டு, செடி மண்டிய டைம் ஆபீஸ் ஜன்னலுக்குள், 'செலின் மேரி, த/பெ சகாயராஜ், மேலத் தெரு' என்று எழுதின சீட்டைப் போட்டார்.

"பூட்டுன மில்லுக்கு எதுக்கு மாமா?" என்றேன்.

"பழக்கம்மா. அவ அப்பன் பேரையும் நான்தான் போட்டேன். வெறுமனே போனா கை என்னமோ மாதிரி இருக்கு."

நான் சிரித்தேன். சிரித்தது மட்டுமில்லை, செல்போனில் போட்டோவும் எடுத்தேன். இதை எழுதாமல் விட்டுவிட முடியாது.

மறுநாள் சகாயராஜ் விமானம் ஏறினார். அதற்கு மறுநாள் சங்கு ஊதியது. எங்கள் வீட்டுத் தொட்டிலுக்குக் கீழே, பெருக்கி அரைமணி நேரம்கூட ஆகாத தரையில், 1913 என்று நம்பர் அடித்த பித்தளை டோக்கன் ஒன்று கிடந்தது.

வெளியூர்க்காரர்கள் மில் எப்படி நடக்கும் என்று கேட்பார்கள். ஆற்றில் இறங்குகிற பெண்கள் சேலையைக் கொஞ்சம் தூக்கிப் பிடித்துக்கொள்வார்களே, அப்படித் தன் காம்பவுண்டுச் சுவரைக் கணுக்கால் அளவு தூக்கிக்கொண்டு, எட்டு மணிக்கு ஒரு தடவை, நாலு மணிக்கு ஒரு தடவை, நடுராத்திரி பன்னிரண்டுக்கு ஒரு தடவை என்று, ஷிப்டுக்கு ஒரு எட்டு வைத்து அது ஊருக்குள் வந்தது. குறுகலான தெருவில் மூச்சை உள்ளிழுத்துக்கொண்டு ஒடுங்கியது. அகலமான இடத்தில் ஆசுவாசமாகப் பரவி நின்றது. ஒரு கோழிக்குஞ்சைக்கூட மிதிக்கவில்லை. நின்று விட்டுப் போன இடத்திலெல்லாம் பஞ்சுத் தூசி வெள்ளையாகப் படிந்திருக்க, காலையில் பெண்கள் கோலம் போடுவதற்கு முன்னால் அதை முறத்தில் வாரிக் கொட்டினார்கள்.

"நாகர்கோவில் பாசஞ்சர் போற வரைக்கும் அந்தப் பக்கமே நின்னுச்சுவே" என்று ரயில்வே கேட் கீப்பர் டீக்கடையில் சொன்னார். "நான் கேட்டைத் தொறந்த பெறகுதான் தாண்டிச்சு. நம்மூர் பைக்காரப் பயலுவளுக்கு இந்த ஒழுக்கம் உண்டா?"

டீக்கடை சுடலைக்கண்ணு அதற்குள் கடைக்குச் சக்கரம் மாட்டிவிட்டார். மில் கேட்டுக்கு எதிரில் டீக்கடை இருக்க வேண்டும் என்பது அவர் அப்பா காலத்து ஏற்பாடு. மில் நகர்ந்தால் கடையும் நகர்ந்துதானே ஆக வேண்டும். பஸ் கண்டக்டர்கள் ஊர் எல்லையில் ஏறுகிறவர்களிடம், "இன்னிக்கு மில் ஸ்டாப்பு எங்கக்கா?" என்று கேட்டுக்கொண்டு அங்கே நிறுத்தினார்கள். பேரூராட்சியிலிருந்து போக்குவரத்துக்கு இடைஞ்சல் என்று நோட்டீஸ் கொண்டுவந்த ஆள், பசை தடவித் திரும்புவதற்குள் நாலு மணிச் சங்கு ஊதிவிட, ஒட்டுவதற்குச் சுவரில்லாமல் நோட்டீசைச் சுடலைக்கண்ணுவின் கடையில் ஒட்டிவிட்டுப் போனார்.

மில் யாரைத் தேடுகிறது என்பது முதல் நாளே எல்லோருக்கும் தெரிந்துவிட்டது. ஆனால் மாமா சீட்டில் கதவு எண் எழுதவில்லை, உப்போடையில் மேலத் தெரு இரண்டு. அது முதலில் கீழூர் மேலத் தெருவுக்குப் போய், ஒவ்வொரு வீட்டு வாசலிலும் ஒரு ஷிப்டு நின்று பார்த்து, இரண்டு நாளை வீணாக்கியது. கடைசியில் தபால்காரர் மனசு கேட்காமல் சைக்கிளை முன்னால் விட்டு வழி காட்டினார்.

"ஏன் அண்ணாச்சி அப்படிச் செஞ்சீங்க?" என்று நான் அழுதபடி கேட்டதற்கு, "அட்ரஸ் தப்புன்னா திருப்பி அனுப்பணும்மா. இதை நான் எங்கன்னு திருப்பி அனுப்ப?" என்றார்.

ஐந்தாம் நாள் எங்கள் வீட்டுக்கு நேர் எதிரில், கேட்டும் எங்கள் வாசலும் முகத்துக்கு முகம் பார்க்கிற மாதிரி, மில் வந்து நின்றது. நின்றது நின்றதுதான், நாங்கள் வீட்டில் இருக்கிறவரை ஒரு எட்டுகூட வைக்கவில்லை. சங்கு ஊதும்போதெல்லாம் கேட் திறந்து, பத்து நிமிஷம் காத்திருந்து, மூடிக்கொண்டது. உள்ளே கூரையும் இல்லை, இயந்திரமும் இல்லை. ஆனால் ஆயிரம் கதிர்கள் ஓடுகிற ஓசை மட்டும் எங்கள் சமையலறைத் தட்டுகளை அதிரவைத்தது.

டோக்கன் விழுந்த நாளிலிருந்து செலின் தூங்கவில்லை. அழவும் இல்லை, காய்ச்சலும் இல்லை. பால் குடித்தாள், சிரித்தாள், தொட்டிலில் போட்டால் கண்ணைத் திறந்துவைத்துக்கொண்டு கேட் இருக்கும் பக்கம் பார்த்தாள். நான் அவளையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன்; கண்ணை மூடினால் பிள்ளை தவழ்ந்து வாசலைத் தாண்டிவிடுமோ என்று என் சேலை முந்தானையை அவள் இடுப்பில் கட்டிவைத்துக்கொண்டு பகலும் இரவும் உட்கார்ந்திருந்தேன். அவள் விரல்கள்தான் சும்மா இருக்கவில்லை. கட்டைவிரலும் ஆள்காட்டி விரலும் காற்றில் எதையோ பிடித்து, முறுக்கி, விட்டு, அடுத்ததைப் பிடித்தன.

"என்ன மாமா செய்யுறா?"

அவர் வெகுநேரம் பார்த்தார். "இழை பிணைக்கா. அறுந்த நூலைப் புடிச்சு முறுக்கிவிடுறது. நான் கத்துக்க ஆறு மாசமாச்சு" என்றார். சொல்லும்போது அவர் குரலில் பெருமை இருந்தது. அதைக் கேட்டதும்தான் நான் உண்மையாகவே பயந்தேன்.

ஆறாம் நாள் சங்கத்துச் செயலாளர் தோழர் கோமதிநாயகம் நாற்பது பேரோடு வந்தார். பத்தொன்பது வருஷமாக வழக்கு நடத்தி மெலிந்துபோன மனிதர். சத்தமாகப் பேசத் தெரியாதவர்.

"தங்கச்சி, நீ படிச்ச பிள்ளை, உனக்குச் சொல்லணும்னு இல்ல. பட்டியல்ல பேர் உள்ள ஒரு தொழிலாளி டோக்கனோட உள்ள போயி, ஒரு முழு ஷிப்டு இருந்துட்டு வெளிய வந்தா, மில்லு ஓடுது, கதவடைப்பு செல்லாது. கதவடைச்சப்ப எங்க பேரையெல்லாம் மொதலாளி அடிச்சிட்டான். அடிக்காத பேரு இது ஒண்ணுதான்."

"எட்டு மாசப் பிள்ளை, அண்ணாச்சி."

"வேலை செய்ய வேண்டாம்மா. இருந்தா போதும்."

"நாளைக்கு?"

அவர் திரும்பித் தன் ஆட்களைப் பார்த்தார். பின்னால் நின்ற பாக்கியத்தாய், பக்கத்து வீட்டுக்காரி, செலின் பிறந்தபோது எனக்குப் பத்தியச் சோறு ஆக்கிப்போட்டவள், ஒரு பொட்டலத்தை என் மடியில் வைத்தாள். உள்ளங்கை அகலத்தில் தைத்த காக்கிச் சட்டையும் டவுசரும். "அளவு எடுக்காம தைச்சேன்டி. இடுப்புல கொஞ்சம் லூசா இருக்கும்" என்றாள். அவள் கண்ணில் கெட்ட எண்ணம் ஒன்றும் இல்லை. அவள் வீட்டுக்காரர் பத்தொன்பது வருஷமாக எட்டு மணிக்குச் சட்டை மாட்டிக்கொண்டு வாசலில் உட்கார்ந்திருக்கிறவர்.

ஏழாம் நாள் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு பாளையங்கோட்டை பஸ்ஸில் ஏறினேன். ஜன்னலைத் திறக்காமல் ஜெபமாலை சொல்லிக்கொண்டே வந்தேன். ஊர் தாண்டி நாலு மைல் போன பிறகு டிரைவர் வேகத்தைக் குறைத்தார். வேலிக்கருவைக் காட்டுக்கு அந்தப் பக்கம், உளுந்து வயல்களின் வரப்பை மிதிக்காமல், புகைபோக்கியைச் சாய்த்துக்கொண்டு, மில் பஸ்ஸோடு கூடவே வந்தது. அது ஓடி யாரும் பார்த்ததில்லை. செங்கல் செங்கலாக அதற்கு மூச்சு வாங்கியது. பஸ்ஸில் எல்லோரும் திரும்பி என்னைப் பார்த்தார்கள். ஒரு கிழவர் மட்டும், "பாவம், எறங்கிரும்மா. அது எவ்வளவு தூரம்தான் வரும்" என்றார். நான் அடுத்த நிறுத்தத்தில் இறங்கித் திரும்பி நடந்தேன். அது என் பின்னால் பத்தடி தள்ளி, மரியாதையாக நடந்துவந்தது. என் தோளில் கிடந்த செலின் அதைப் பார்த்துச் சிரித்துக்கொண்டே வந்தாள்.

அன்றைக்கு மாமாவின் டிரங்குப் பெட்டியைத் திறந்து மில்லின் விதிப் புத்தகத்தை எடுத்தேன். ஸ்டாண்டிங் ஆர்டர் என்று எல்லோரும் சொல்வார்கள், இங்கிலீஷில் இருந்ததால் ஒருவரும் வாசித்ததில்லை. கான்வென்டில் எனக்குக் கொடுத்த இங்கிலீஷ் இதற்காவது உதவட்டும் என்று ஒவ்வொரு வரியாக விரலை வைத்து வாசித்தேன். பட்டியலிலிருந்து ஒரு பெயர் நீங்க நான்கு வழிகள் இருந்தன. தானே எழுதிக் கையெழுத்துப் போட்ட ராஜினாமா; வேறு யாரும் போடக் கூடாது. ஐம்பத்தெட்டு வயது. மூன்றாவதை நான் வாசித்ததும் கையால் மூடிக்கொண்டேன், பிறகு அந்தப் பக்கத்தை அந்த வரியை மூடியபடியேதான் பிடித்திருந்தேன். நான்காவது, குற்றம் செய்து வெளியேற்றப்படுவது: திருட்டு, அடிதடி, பீடி பற்றவைத்தல், வேலை நேரத்தில் தூங்குதல். தூங்கினவரை அந்த ஷிப்டு முடிவதற்குள், அந்த இடத்திலேயே, மேஸ்திரி வாய்விட்டுச் சொல்ல வேண்டும். சொன்னால் அத்தோடு சீட்டுக் கிழிந்தது, மேல்முறையீடு கிடையாது.

உப்போடையில் உயிரோடு இருக்கிற மேஸ்திரி ஒருவர்தான்.

நான் வாசித்துக் காட்டியதும் மாமா புத்தகத்தை வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்தார், இங்கிலீஷ் எழுத்து தெரியாவிட்டாலும்.

"சர்வீஸ்ல பன்னெண்டு பேரைச் சொன்னேன், ஜெசிந்தா. பன்னெண்டாவது ஆளு என் தம்பி இன்னாசி. பொண்டாட்டிக்குப் பிரசவம், மூணு நாளு தூங்காம வந்திருந்தான். ஆறேழு வாட்டி கடந்து போனேன், எந்திரிப்பான் எந்திரிப்பான்னு. எந்திரிக்கல. சொல்லிட்டேன். அதுக்குப் பெறகு அவன் சாவுற வரைக்கும் என் மூஞ்சியப் பாக்கல. இனி ஒருத்தனையும் சொல்ல மாட்டேன்னு பூசையில வச்சுச் சொல்லிட்டு வந்தேன்."

"இது செலின், மாமா."

"நான் சொன்னா மில்லு போயிரும். அறுநூறு குடும்பம் என்னைப் பாக்கும்."

"சொல்லாட்டி?"

அவர் எழுந்து வாசலுக்குப் போய், எதிரே நின்ற கேட்டைப் பார்த்துக்கொண்டு நின்றார். தன் கையால் எழுதிப் போட்ட சீட்டுக்கு இத்தனை பெரிய கட்டடம் பதில் சொல்ல வந்திருக்கிறது என்பதில் அவருக்கு உள்ளூரச் சந்தோஷம் இருந்தது, பயமும் இருந்தது. இரண்டையும் வைத்துக்கொண்டு என்ன செய்வதென்று தெரியாமல் மேல்துண்டை உதறி உதறிப் போட்டுக்கொண்டார். வாக்கு ஒன்றும் கொடுக்கவில்லை.

ஒன்பதாம் நாள் காலை எட்டு மணிச் சங்குக்குச் செலினுக்குக் காக்கி உடுப்பைப் போட்டு, கழுத்தில் டோக்கனைக் கட்டித் தூக்கிக்கொண்டு நான் கேட்டுக்குள் போனேன். ஊரே வந்திருந்தது. யாரோ கேட்டுக்கு மாவிலை கட்டியிருந்தார்கள். "எடம் விடுங்கவே, தொழிலாளி வாராவ" என்று சுடலைக்கண்ணு கூட்டத்தை விலக்க, சிரிப்பும் அழுகையுமாக ஒரு சத்தம் எழுந்தது. மாமா தன் பழைய மேஸ்திரிச் சட்டையும், தோல் கறுத்துப்போன பூட்சும் போட்டுக்கொண்டு எங்களுக்குப் பின்னால் வந்தார். கேட் மூடியது. அறுநூறு முகங்கள் கம்பிக்கு அந்தப் பக்கம் நெருங்கின.

உள்ளே வானம்தான் கூரை. இயந்திரங்கள் நின்ற இடத்தில் எண்ணெய் குடித்த கறுப்புக் கட்டங்கள் வரிசை வரிசையாகத் தரையில் இருந்தன. ஓசை அந்தக் கட்டங்களிலிருந்து வந்தது. பஞ்சு பறந்துகொண்டே இருந்தது. நான் செலினைக் கீழே விட்டதும் அவள் ஒரு வரிசையைப் பிடித்துத் தவழத் தொடங்கினாள்; பத்தடிக்கு ஒரு தடவை நின்று, உட்கார்ந்து, விரலால் காற்றை முறுக்கிவிட்டு, மறுபடி தவழ்ந்தாள். அவள் இடுப்பில் கட்டின முந்தானையோடு நானும் பின்னாலேயே நடந்தேன். அவள் தொட்ட இடத்திலெல்லாம் ஓசை சீரானது. கம்பிக்கு அப்பால், "பாத்தியா, பாத்தியா, முனையே விடாம புடிக்கா" என்று ஆம்பளைகள் பேசிக்கொள்வது கேட்டது.

பத்து மணிக்குப் பால் கொடுத்தேன். குடித்துவிட்டு வேலைக்குப் போனாள். பன்னிரண்டுக்கு மடியில் போட்டுத் தட்டினேன். எனக்குத் தெரிந்த தமிழ்ப் பாட்டு, கான்வென்டில் கற்ற பாட்டு, மாதா பாட்டு எல்லாம் பாடினேன். முதுகைத் தடவினேன், காலைத் தேய்த்தேன், கண்ணை என் உள்ளங்கையால் மூடினேன். என் கைக்குள்ளே அவள் இமைகள் பட்டாம்பூச்சி மாதிரி அடித்துக்கொண்டன. இரண்டு மணிக்கு நான் மிரட்டினேன். மூன்று மணிக்குக் கெஞ்சினேன். மாமா வரிசையின் கடைசியில் கையைப் பின்னால் கட்டிக்கொண்டு நின்றார், ஒரு தடவைகூட உட்காரவில்லை. மூன்றரைக்கு எனக்கு ஒன்றும் பாக்கி இல்லை. ஒன்பது நாளாக நான் அவளைப் பார்த்துக்கொண்டே இருந்திருக்கிறேன், அவளும் என்னைப் பார்த்துக்கொண்டே இருந்திருக்கிறாள். அதை நினைத்தது நினைவிருக்கிறது. ஒரு தூணில் சாய்ந்தேன். சேசுவே, ஒரு நிமிஷம், என்று சொன்னதும் நினைவிருக்கிறது. அவள் இடுப்பிலிருந்த முந்தானை முடிச்சை அவிழ்த்துவிட்டேன் போல.

நான் தூங்கிவிட்டேன்.

விழித்தது ஒரு கூப்பாட்டுக்கு. என் நெஞ்சின் மேல் சூடாக, எச்சில் ஒழுக, வாயைத் திறந்துவைத்துக்கொண்டு, விரல்கள் பத்தும் விரிந்துபோய், செலின் தூங்கிக்கொண்டிருந்தாள். ஓசை குறைந்து, அறுந்த முனைகள் படபடக்கிற மாதிரி ஒரு சத்தம் மட்டும் அங்கங்கே கேட்டது. கேட் மேல் இருந்த கடிகாரத்தில் நாலு மணிக்கு இன்னும் மூன்று நிமிஷம். கம்பியைப் பிடித்துக்கொண்டு கோமதிநாயகம், சத்தமாகப் பேசத் தெரியாதவர், தொண்டை கிழியக் கூப்பிட்டுக்கொண்டிருந்தார்: "மேஸ்திரி, மூணு நிமிசம்வே. மூணு நிமிசம் சும்மா இரும். உம்ம கால்ல விழுதேன்."

மாமா அவரைப் பார்த்தார். பாக்கியத்தாயின் வீட்டுக்காரரைப் பார்த்தார். பிறகு எங்களுக்கு எதிரில் வந்து, குதிகால்களைச் சேர்த்து விறைப்பாக நின்று, புகைபோக்கியை அண்ணாந்து பார்த்துச் சொன்னார். மில்லுக்குள் ஒரு தொழிலாளியை எப்படிச் சொல்ல வேண்டுமோ, அந்த மரியாதை ஒரு துளியும் குறையாமல் சொன்னார்.

"நூற்புப் பிரிவு. டோக்கன் நம்பர் ஆயிரத்துத் தொள்ளாயிரத்துப் பதிமூணு, செலின் மேரி. வேலை நேரத்துல தூங்குதாவ."

எல்லாச் சத்தமும் நின்றது. செலின் கழுத்திலிருந்த டோக்கன் உதிர்ந்து பஞ்சுத் தூசியில் சத்தமில்லாமல் விழுந்தது. கேட் தானாகத் திறந்தபோது உள்ளே வர யாரும் முன்னால் வரவில்லை. கோமதிநாயகம் இருந்த இடத்திலேயே தரையில் உட்கார்ந்துவிட்டார்.

மாமா குனிந்து, ஒரு தூணைப் பிடித்துக்கொண்டு, பூட்ஸ் இரண்டையும் ஒவ்வொன்றாகக் கழற்றிக் கையில் எடுத்துக்கொண்டார். பிறகு வெறுங்காலோடு, அடி எடுத்து அடி வைக்கிற ஓசைகூடப் பிள்ளையின் காதில் விழாமல், அந்த அறுநூறு பேரையும் நோக்கி நடந்து போனார்.